கைபேசியில் பக்கம் வலப்புறம் நகர்கிறது: ஒவ்வொரு திரைக்கும் தனி விதி எழுத வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். நான் வடிவமைத்த தளம் கணினியில் ஒழுங்காகத் தெரிகிறது. கைபேசியிலோ எழுத்துகள் எறும்பளவில் இருந்தன. பக்கத்தைத் திரையின் அகலத்துக்கே வரையும்படி உலாவிக்குச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா குறியைச் சேர்த்ததும் எழுத்தின் அளவு சரியாகிவிட்டது, ஆனால் பக்கம் வலப்புறம் நகரத் தொடங்கியது. 360, 390, 412 பிக்சல் எனத் தனித்தனியாக மூன்று மீடியா குவெரிகள் (குறிப்பிட்ட திரை அகலத்துக்கு மட்டும் பொருந்தும் வடிவமைப்பு விதிகள்) எழுதியும், வேறொரு கைபேசியில் திறந்தால் மீண்டும் குலைகிறது. இதற்கு முடிவுதான் என்ன?

முதல் பதில்:
கைபேசி வகைகளின் பட்டியலைத் துரத்தினால் முடிவு கிடைக்காது. 2010இல் வலை வடிவமைப்பாளர் ஈதன் மார்காட், திரைக்கேற்ப மாறும் வடிவமைப்புக்கு ‘ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்’ என்று பெயரிட்டு எழுதியபோது, நெகிழும் கட்டம், நெகிழும் படங்கள், மீடியா குவெரி ஆகிய மூன்றையும் சேர்த்தே முன்வைத்தார். நாம் மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். முதலில் 320 பிக்சல் அகலத்துக்கு எழுதுங்கள். பிறகு உலாவியின் சாளரத்தை மெல்ல அகட்டிக்கொண்டே வந்து, வரி படிக்கச் சிரமமாகும் அளவுக்கு நீளும் இடத்தில் மட்டும் புதிய விதியைச் சேருங்கள். பயனர் பெரிதாக்கிப் பார்ப்பதைத் தடுக்கும் கட்டளை அந்த வியூபோர்ட் குறியில் இருந்தால், தயவுசெய்து நீக்கிவிடுங்கள். பார்வை மங்கியவர்களுக்கு அது பெரும் தடை.

இரண்டாம் பதில்:
மேலே சொன்னது சரி. ஆனால் பக்கம் நகர்வதற்கு ஏதோ ஒரு பெட்டி திரையைவிட அகலமாக இருப்பதே காரணம். ஃப்ளெக்ஸ், கிரிட் என்னும் அடுக்கு முறைகளில் வைக்கப்படும் உறுப்புகள் இயல்பாகத் தம்முள் இருக்கும் மிக நீளமான சொல்லைவிடக் குறுகுவதில்லை. ‘பதிவுசெய்துகொள்ளாதவர்களுக்கான’ என்பது போன்ற ஒரே சொல் பெரிய எழுத்தளவில் தலைப்பாக வந்தால், அதுவே பெட்டியைத் தள்ளிவிடும். அந்த உறுப்புக்கு ‘மின்-விட்த்’ (குறைந்தபட்ச அகலம்) 0 என்றும், தலைப்புக்கு ‘ஓவர்ஃப்ளோ-ரேப்’ (நீண்ட சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும் விதி) என்பதில் ‘எனிவேர்’ என்றும் கொடுத்துப் பாருங்கள். பக்கம் முழுவதற்கும் ‘ஓவர்ஃப்ளோ ஹிடன்’ கொடுத்து, வெளியே நீள்வதை மறைப்பதை நான் ஏற்க மாட்டேன்; நகர்வு நிற்கும், ஆனால் வெளியே நீண்ட சொற்கள் வெட்டுப்பட்டுப் படிக்க முடியாமல் போகும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஒரு தலைப்புச் சொல்தான் காரணமாக இருந்தது. சரிசெய்தபின் மூன்று மீடியா குவெரிகளையும் நீக்கிவிட்டேன். ஏழு நெடுவரிசைகள் கொண்ட அட்டவணை ஒன்று மட்டும் இன்னும் திரைக்கு வெளியே நீள்கிறது.

இரண்டாம் பதில் எழுதியவர்:
அட்டவணையைக் குறுக்க வேண்டாம்; கிடைவரிசையும் நெடுவரிசையும் ஒன்றையொன்று பார்க்கும்படி இருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. அதை ஒரு பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டிக்கு மட்டும் ‘ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ’ (தேவைப்பட்டால் பக்கவாட்டில் நகர விடும் விதி) கொடுங்கள். அட்டவணை தன் பெட்டிக்குள் நகரும், பக்கம் அசையாது.