பியரோவின் ஓவியத்தில் அந்த முட்டை எங்கே தொங்குகிறது?

பியரோ டெல்லா ஃபிரான்செஸ்கா 1470களில் வரைந்த பிரேரா மடோனாவை, அதாவது மிலானில் இருக்கும் பலிபீட ஓவியத்தை, பென்சிலில் பிரதி எடுக்கிறேன். சிப்பி வடிவ மாடத்திலிருந்து தொங்கும் முட்டையில் சிக்கிக்கொண்டேன். முதல் பார்வைக்கு அது மரியாளின் தலைக்கு நேர் மேலே தொங்குகிறது. கன்னிப்பிறப்பின் அடையாளம் என்பவர்களுக்கு அதுவே போதும். ஆனால் மேல்வளைவின் சதுரக் குழிவுகளை வைத்துக் கோடு இழுத்தால், மாடம் அவருக்கு வெகு பின்னால் போய்விடுகிறது. அப்படியானால் முட்டை பெரிது, தீக்கோழி முட்டையாகவே இருக்கலாம்.

தரைக் கோடுகளையும் பார்த்தேன். புனிதர்களும் கவசத்தோடு மண்டியிட்ட உர்பினோ ஆட்சியாளர் ஃபெடரிகோவும் பெரும்பகுதியை மறைக்கிறார்கள். ஆழம் நோக்கிப் போகும் கோடுகள் சந்திக்கும் மறைபுள்ளி மரியாளின் முகத்தருகே விழுகிறது, அதில் பிரச்சினை இல்லை. பலகையின் ஓரங்கள் பிற்பாடு வெட்டப்பட்டதாகச் சொல்வதால் பக்கச் சுவர்களையும் நம்ப முடியவில்லை.

மாடத்தின் ஆழத்தைக் கணக்கிட இதில் எதை அளவுகோலாக எடுப்பது?