யாருக்கு மஞ்சள் சட்டை?

தம்பி: டூர் டி லவ்னிர் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மலை ஏற்றம் தொடங்கிவிட்டது. அரை மணி நேரத்துக்கு யாரும் என்னை அழைக்காதீர்கள்.

பாட்டி: பிரான்ஸ் சைக்கிள் போட்டி ஜூலையிலேயே முடிந்துவிட்டதே?

பெரியப்பா: அது டூர் டி பிரான்ஸ், அம்மா. இது 23 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு, ஆகஸ்டில் நடப்பது. 1961இல் தொடங்கியது. பெயருக்கே 'எதிர்காலத்தின் சுற்று' என்றுதான் பொருள்.

அத்தை: நேற்று முதலில் வந்தவன் ஒருவன், இன்று மஞ்சள் சட்டை இன்னொருவனுக்கா? அநியாயம்!

தம்பி: இல்லை அத்தை. ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டுவார்கள். மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவருக்குத்தான் மஞ்சள். ஒரு நாள்கூட முதலில் வராமலே போட்டியை வெல்லலாம்.

அத்தை: மாதத் தேர்வு எதிலும் முதலிடம் வாங்காமல் ஆண்டு முடிவில் முதலிடம். சரி, புரிகிறது.

பெரியப்பா: ஒரே ஒரு நாள் மலையில் கால் ஓய்ந்தால் போதும், அதுவரை சேர்த்தது அத்தனையும் போய்விடும்.

பாட்டி: முன்னால் போகிறவன் ஏன் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான்? எதையாவது தவறவிட்டானா?

தம்பி: "நீயும் கொஞ்சம் முன்னால் வாயேன்" என்று கெஞ்சுகிறார் பாட்டி. எதிர்க்காற்று முழுவதும் அவர் முகத்தில். பின்னால் ஒட்டி வருபவர் வலுவை மிச்சம் பிடிக்கிறார்.

பாட்டி: இவன் உழைக்க அவன் நிழலில் வருகிறான். இந்தப் பிள்ளைக்குச் சாமர்த்தியம் போதாது.

பெரியப்பா: அந்தச் சாமர்த்தியத்தைக் கற்கத்தான் இங்கே வருகிறார்கள். ஈகன் பெர்னால் 2017இல் இதை வென்றார், 2019இல் டூர் டி பிரான்ஸ். பொகாச்சர் 2018இல் இது, 2020இல் அது.

அத்தை: இங்கே வென்றால் அங்கேயும் உறுதியா அண்ணா?

பெரியப்பா: கிடையவே கிடையாது. இதை வென்றவர்களில் பாதிப் பேரின் பெயர் எனக்கே நினைவில்லை. லெமாண்டை எடுத்துக்கொள். 1982இல் இதே போட்டியில் 10 நிமிடத்துக்கு மேல் முந்தி வென்றார். 1989 டூர் டி பிரான்ஸில் 3 வாரம் ஓட்டி, ஃபினியோனை முந்தியது எவ்வளவு தெரியுமா? 8 விநாடி!

பாட்டி: நீ மூக்குக் கண்ணாடியைத் தேடவே அதைவிட நேரமாகுமே.

பெரியப்பா: அம்மா, நேற்று நான் தேடியது உங்கள் கண்ணாடியை.

தம்பி: உங்களுக்குப் பதில் எழுதி எழுதிக் கடைசி கிலோமீட்டரைத் தவறவிட்டேன்! யார் வென்றது?

அத்தை: ஒட்டி வந்தவன்.

பாட்டி: பாவம் அந்தப் பிள்ளை. அப்போதே சொன்னேன்.