ஆதிவாசி ஊர்களில் ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி, அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் சிகிச்சை) வேலை: உங்கள் நினைவை விடாமல் துரத்தும் ஒரு ஆள் யார்?

கூடலூர் ஓ.டி.:
காட்டுநாயக்கர் ஊர். நாற்பது தாண்டிய அண்ணன், பக்கவாதம் வந்து ஏழு மாதம், வலது கையில் பிடி குறைவு. பையிலிருந்து கைப்பயிற்சிக்கான கோன், கிளிப் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, "திரும்ப எதைச் செய்யணும்னு ஆசைண்ணே?" என்று கேட்டேன். தானே சாப்பிடணும் என்பார் என்று ஃபார்மில் பாதி எழுதியே விட்டேன். அவர், "கயிறு பிடிக்கணும்" என்றார். தங்கச்சி வீட்டுக்காரர் பாறைத்தேனுக்கு இறங்கும்போது மேலே கயிற்றைக் காப்பது இவர்தான். அதை மனைவியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும், தன் தங்கச்சி தனியாகிப்போக எந்த அண்ணனும் விடமாட்டான் இல்லையா. நான், "அதெல்லாம் இப்ப வேண்டாம்ண்ணே, ஆபத்து" என்று சொல்லி, 'தானே உணவு உண்ணுதல்' என்று எழுதி முடித்தேன். அப்புறம் அவர் பேசவே இல்லை, கோனை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். அடுத்த தடவை போனபோது ஆள் வீட்டில் இல்லை.

கோவை பிசியோ:
நீங்கள் செய்தது சரிதான். பாதிப் பிடியில் இன்னொருவர் உயிரை ஒப்படைக்க முடியுமா? என் கதை சின்னது. பணியர் வீட்டுப் பெண், சிக்கில் செல் என்ற பரம்பரை ரத்த நோய், இடுப்பு மூட்டில் ரத்த ஓட்டம் கெட்டு நொண்டுகிறாள். குளிரில் வலி கூடும், காலையில் ஆற்றில் குளிக்காதே, சுடுதண்ணீர் வைத்துக்கொள் என்றேன். பாட்டி என்னைப் பார்த்து, "விறகு நீங்க கொண்டாருவீங்களா?" என்றார். இரண்டு வருடமாகிறது, இன்னும் அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வினிபெக் அக்கா:
பிசியோ தம்பி, அவர் செய்தது சரி என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் போவது கனடாவில் வடக்கு மனிடோபாவுக்கு, குட்டி விமானத்தில். கிரீ என்ற அங்கத்தைய பழங்குடியைச் சேர்ந்த ஒரு அம்மம்மா பேரனை மடியில் வைத்தபடி, "இவனைப் பார்க்க வந்ததில் நீ ஐந்தாவது ஆள்" என்றார். எனக்கு வாயே எழவில்லை. அங்கே ஜோர்டன் ரிவர் ஆண்டர்சனைத் தெரியாதவர்கள் இல்லை. மனிடோபாவின் நார்வே ஹவுஸ் என்ற ஊரின் கிரீ பிள்ளை, 1999இல் பிறந்தவன். வீட்டுப் பராமரிப்புச் செலவு மத்திய அரசுக்கா மாகாணத்துக்கா என்று இரண்டு வருசத்துக்கு மேல் இழுபட்டு, வீட்டில் ஒருநாளும் வாழாமலே 2005இல், ஐந்து வயதில், ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். நாங்கள் பாதியில் விட்டுவிட்டு வருவதை அந்த அம்மம்மா மாதிரி ஆட்கள் அதோடு சேர்த்துத்தான் பார்க்கினம்.

கூடலூர் தங்கச்சி, கோனை விடுங்கோ, கயிற்றைக் கொண்டு போங்கோ. முதலில் சமதரையில், மரத்தில் ஒரு சுற்றுப் போட்டு, மறுமுனையில் ஆளுக்குப் பதில் ஐந்து கிலோ மூட்டை. பிடி எப்போது நழுவுகிறது என்று அவரே உங்களுக்குச் சொல்லுவார். கை தேறாவிட்டால் பக்கத்தில் இன்னொருவர் பிடிக்க, இவர் சொல்லிக்கொடுக்கட்டும், அதுவும் கயிறு பிடிக்கிறதுதான். ஃபார்மில் அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கோ. அடுத்து வரப்போவது நீங்களா வேறு ஆளா என்பதையும் கிளம்ப முதலே சொல்லிவிடுங்கோ, அந்த ஒன்றைச் செய்யாததால்தான் நான் ஐந்தாவது ஆள் ஆனேன்.

கூடலூர் ஓ.டி.:
அக்கா, நான் யோசனை கேட்கவில்லை, ஆனாலும் மூட்டை விஷயத்தைக் குறித்துக்கொண்டேன். தேன் சீசனுக்கு முன்னால் அவரைத் தேடிப் போகிறேன். பிசியோ சார், அந்த வீட்டில் இப்போது விறகு யார் எடுக்கிறார்கள்? அந்தப் பெண்தானா?