சக்கிமுக்கித் துப்பாக்கி: கிண்ணத்தில் எரிகிறது, குழலில் பிடிக்கவில்லை

சத்துவாச்சாரிக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். மகன் பென்சில்வேனியாவில் இருக்கிறான், ஆறு மாதம் அவனோடு தங்கிவிட்டுப் போன வாரம்தான் வேலூர் திரும்பினேன். அந்த மாநிலத்தில் கிறிஸ்துமஸ் முடிந்ததும் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே (கல் எஃகில் உரசி விழும் பொறியால் வெடிமருந்து பற்றும் பழைய வகை) மான் வேட்டைக் காலம் ஒன்று உண்டு, அதற்காக 0.50 அங்குலக் குழல் ரைபிள் வாங்கி கிளப்பில் பழகுகிறான். பத்துக்கு மூன்று முறை, குழலுக்கு வெளியே பொறி விழும் சின்னக் கிண்ணத்து மருந்து மட்டும் புஸ்ஸென்று எரிந்து அடங்கிவிடுகிறது. வெடித்தாலும் கல்லைப் பிடித்திருக்கும் குதிரை விழுவதற்கும் வெடிச் சத்தத்துக்கும் நடுவில் ஒரு இழுவை, பக்கத்தில் நின்ற என் காதுக்கே தெரிந்தது. 50 கஜத்தில் குண்டுகள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறுகின்றன. கிண்ணம் நிறைய மருந்து போட்டும் பார்த்துவிட்டான். எங்கே கை வைப்பது?

குடியாத்தம்_தறி:
சார், கிண்ணம் நிறையப் போட்டதுதான் முதல் தப்பு. கிண்ணத்திலிருந்து குழலுக்குள் போகும் பக்கத்துத் துளையை மருந்து மூடிக்கொண்டால் அது திரி மாதிரி வரிசையாக எரிந்துதான் உள்ளே போக வேண்டும், உங்கள் காதில் விழுந்த இழுவை அதுதான். துளை திறந்திருந்தால் கிண்ணத்து நெருப்பின் சூடு நேராகக் குழலுக்குள் பாயும். நான் டெக்சாஸில் இருந்தபோது இரண்டு வருடம் இதோடு மல்லுக்கட்டியவன். மிக நுண்ணிய 4எஃப் மருந்தைப் பாதிக் கிண்ணத்துக்கும் குறைவாகப் போடச் சொல்லுங்கள். குழலில் மருந்தும் குண்டும் இறக்கிய பிறகு, கிண்ணத்தில் மருந்து போடுவதற்கு முன்னால், மெல்லிய கம்பியால் துளையைக் குத்திவிட வேண்டும். துளை பெரும்பாலும் 1/16 அங்குலம்தான், கரி கொஞ்சம் படிந்தாலே அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் கல். பொறி என்பது கல்லிலிருந்து வருவதில்லை, கல் சீவி எடுக்கிற எஃகுத் துகள்தான் எரிந்துகொண்டே விழுகிறது. அதனால் கல்லின் விளிம்பு முழு அகலத்துக்கும், அது மோதுகிற எஃகுத் தகட்டில் படணும். கல்லைத் தோல் துண்டில் சுற்றி இறுக்கியிருக்கிறானா, விளிம்பு மழுங்கிவிட்டதா, எஃகு முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இத்தனைக்குப் பிறகும் பொறி மங்கலாகவே விழுந்தால் எஃகின் கடினம் போயிருக்கும், அதைத் தெரிந்தவர் கையில் கொடுப்பதே நல்லது.

முக்கியமான ஒன்று: வெடிக்கவில்லை என்றால் உடனே துப்பாக்கியைத் தாழ்த்தக் கூடாது. குழல் இலக்கையே பார்த்தபடி ஒரு நிமிடமாவது பிடித்திருக்க வேண்டும்.

கோட்டை_அகழி:
குறி பற்றி நான் சொல்கிறேன். 1806 ஜூலை 10 அன்று நம்ம வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த காலத்துக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் மஸ்கட்டும் (உள்ளே வழுவழுப்பான குழல் கொண்ட துப்பாக்கி) இதே சக்கிமுக்கி வகைதான். குழல் சுமார் 0.75 அங்குலம், குண்டு 0.69. இடைவெளி அவ்வளவு விட்டது சீக்கிரம் கெட்டிப்பதற்காக, அதாவது மருந்தும் குண்டும் இறக்குவதற்காக. குண்டு குழலுக்குள் தளர்வாக உருண்டு வருவதால் 100 கஜத்துக்கு மேல் ஒரு ஆளைக் குறி வைத்து அடிப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம்தான். 1800 வாக்கில் பிரிட்டிஷ் படைக்கு வந்த பேக்கர் ரைபிளில் குழலுக்குள் சுருள் வரிகள் உண்டு, எண்ணெய் தடவிய துணியோ தோலோ குண்டைச் சுற்றி இறுக்கமாக இறங்கும். கெட்டிக்க நேரம் பிடிக்கும், ஆனால் குண்டு சுழன்றுகொண்டே நேராகப் போகும். உங்கள் மகனுடையதும் அந்த வழி வந்ததுதான், ஆகவே துணியைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். சுட்ட பிறகு முன்னால் விழுந்து கிடக்கும் துணியைப் பொறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரிக்காரன்:
மிக்க நன்றி தம்பிகளா. நேற்றே போனில் சொன்னேன். கிண்ணத்து மருந்தைக் குறைத்ததும் பத்தில் ஒன்பது வெடித்ததாம். துணி ஓரமெல்லாம் கருகிக் கிழிந்திருக்கிறதாம். குண்டு 0.490, துணி 0.010 அங்குலம்.

கோட்டை_அகழி:
துணி மெல்லிசு. 0.015 தடிமனில், நெருக்கமாக நெய்த பருத்தித் துணி போட்டுப் பார்க்கட்டும். குழலில் போடும் மருந்தை 5 கிரெயின் (வெடிமருந்து அளக்கும் சிறு அலகு) கூட்டியும் குறைத்தும் ஒவ்வொரு அளவிலும் ஐந்து குண்டு சுட்டு அட்டையில் குறித்து வைக்கணும். ஒவ்வொரு குண்டுக்கும் நடுவில் ஒரே மாதிரி குழலைத் துடைக்கணும், ஒரு தடவை துடைத்து ஒரு தடவை விட்டால் எந்த மாற்றம் எதனால் வந்தது என்றே தெரியாது.

குடியாத்தம்_தறி:
இதையும் சேர்த்துச் சொல்லுங்க சார்: விசையை இழுத்ததும் கண் கிண்ணத்துப் பக்கம் போகக் கூடாது. முகத்துக்குப் பக்கத்திலேயே தீ எழும்புவதால் தலை தானாக விலகும், அந்த ஒரு நொடியில் குழல் நகர்ந்துவிடும். நான் கிண்ணத்தில் மருந்தே போடாமல், குழலும் காலியாக இருக்கும்போது, கல்லுக்குப் பதில் மரத்துண்டை மாட்டி வீட்டில் தினமும் இருபது தடவை இழுத்துப் பழகினேன். சிதறல் பாதியாகக் குறைந்தது அதற்குப் பிறகுதான்.