வில்லங்கம் "இல்லை" என்று வருகிறது, பட்டாவோ வேறு பெயர்களில் இருக்கிறது. 1994 கிரயப் பத்திரத்துக்கு ஆன்லைனில் எங்கிருந்து தொடங்குவது?

வரப்போரம் கேட்டது:

நிலம் கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில், 18 சென்ட் நன்செய். 1994-ல் அப்பா பெயரில் பதிவான கிரயப் பத்திரம் அசலாகக் கையில் இருக்கிறது. பத்திரத்தில் புல எண் 112/3 என்று மட்டும் உள்ளது. பட்டா மாற்றவே இல்லை. அப்பா இப்போது இல்லை. வாரிசுகள் அம்மா, நான், தங்கை.

இணையத்தில் பார்த்தவரை:

பட்டா பார்க்கும் தளத்தில் 112 போட்டால் உட்பிரிவுப் பட்டியலில் 3 என்பதே இல்லை. 3ஏ, 3பி1, 3பி2 என்றுதான் வருகிறது. 3பி2 நான்கு பேர் கொண்ட கூட்டுப் பட்டா, பரப்பு 0 - 41.50. அந்த நால்வரில் ஒருவர் எங்களுக்கு விற்றவர்.

பதிவுத்துறை தளத்தில் 112/3பி2-க்கு 1990 முதல் இன்றுவரை வில்லங்கம் போட்டால் ஒன்றுமே இல்லை என்கிறது. பத்திரம் பதிவானதற்குச் சார்பதிவாளர் முத்திரை, எண் எல்லாம் இருக்கிறது.

கேள்விகள்: வில்லங்கத்தில் ஏன் வரவில்லை? 41.50 என்றால் எத்தனை சென்ட்? பட்டாவை அம்மா பெயருக்கு நேரடியாகக் கொண்டுவர முடியுமா? நான் வெளியூரில் இருப்பதால் முடிந்தவரை இணையத்திலேயே முடிக்கப் பார்க்கிறேன்.

---

மூலப்பத்திரம் பதில்:

முதலில் வில்லங்கம். பதறவேண்டியதில்லை, நீங்கள் தேடிய எண்தான் தவறு.

வில்லங்கச் சான்று நிலத்தைப் பார்த்துத் தயாராவதில்லை. பத்திரத்தின் சொத்து விவரத்தில் எந்த எண் எழுதியிருக்கிறதோ அந்த எண்ணின் கீழ்தான் பதிவு அலுவலக அட்டவணையில் ஏறும். 1994 பத்திரம் 112/3 என்று சொல்கிறது, அட்டவணையிலும் 112/3 என்றே இருக்கும். பிறகு வருவாய்த்துறை அந்த உட்பிரிவை உடைத்து 3ஏ, 3பி1, 3பி2 ஆக்கினாலும், பழைய பதிவுகள் தாமாகப் புது எண்ணுக்கு நகராது. இரண்டும் இரண்டு துறை, இரண்டு கணக்கு. ஆகவே 112/3, 112/3ஏ, 112/3பி, 112/3பி1, 112/3பி2 ஐந்தையும் ஒரே விண்ணப்பத்தில் ஒவ்வொன்றாகச் "சேர்க்க" கொடுத்துத் தேடுங்கள். இடையில் 3பி என்று ஒரு கட்டம் இருந்திருக்கும் என்பதால்தான் அதையும் சொல்கிறேன். நிலம் வாங்கப்போகிறவர்கள் கோட்டை விடுவதும் இங்கேதான். விற்பவர் காட்டும் புது உட்பிரிவுக்கு மட்டும் வில்லங்கம் போட்டு "சுத்தமாக இருக்கிறது" என்று முன்பணம் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்து, சரியான அலுவலகத்தில் தேடுகிறீர்களா என்று பாருங்கள். பதிவுத்துறை தளமான டிஎன்ரெஜிநெட்டில் மின்னணு சேவைகள், வில்லங்கச் சான்று, பார்வையிடல் என்று போனால் மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம் என வரிசையாகக் கேட்கும். அங்கே கேட்பது பதிவு மாவட்டம். வருவாய் மாவட்டம் தஞ்சாவூராக இருந்தாலும் உங்கள் பக்கத்துக்குப் பதிவு மாவட்டம் கும்பகோணம். கிராமங்களை ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியிருப்பதும் உண்டு. பத்திரத்தின் முத்திரையில் எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறதோ அதிலும் தேடுங்கள், இன்றைக்குக் கிராமம் எதன் எல்லையில் இருக்கிறதோ அதிலும் தேடுங்கள்.

இதற்கும் கிடைக்காவிட்டால் "ஆவணம் வாரியாக" என்ற தேர்வு இருக்கிறது. பத்திரத்தின் பின்பக்கத்தில் "1 புத்தகம், இத்தனாவது தொகுதி, இந்தப் பக்கங்களில் 1994-ஆம் ஆண்டின் இந்த எண்ணாகப் பதிவு செய்யப்பட்டது" என்று இருக்கும். அந்த எண்ணையும் ஆண்டையும் கொடுத்துத் தேடுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

ஆவண எண்ணில் வருகிறது, புல எண் சரி, ஆனால் புல எண் தேடலில் வராது என்றால் கிராமப் பெயர் வேறு பாகத்தின் கீழ் ஏறியிருக்கும். ஆவண எண்ணில் வந்தும் புல எண் தவறாக இருந்தால், பழைய அட்டவணையைக் கணினியில் ஏற்றியவர் கைப்பிழை செய்திருக்கிறார். 112/3 என்பது 12/3 ஆகவோ 112/8 ஆகவோ போயிருக்கும். எதிலுமே வரவில்லை என்றால் அந்தப் பதிவு கணினிக்கு ஏறவே இல்லை. கடைசி இரண்டுக்கும் அசல் பத்திரத்துடன் அந்தச் சார்பதிவாளருக்கு எழுத்துமூலம் மனு கொடுக்கவேண்டும். அவர் தொகுதியை எடுத்துப் பார்த்து அட்டவணையைத் திருத்துவார். இது திரைக்கு முன்னால் உட்கார்ந்து முடிகிற வேலை இல்லை.

ஆனால் பத்திரத்திலேயே எண் தப்பாக எழுதப்பட்டிருந்தால் கதை வேறு. அதற்கு எழுதிக்கொடுத்தவரோ அவர் வாரிசுகளோ வந்து பிழைத்திருத்தல் ஆவணம் பதிய வேண்டும். சார்பதிவாளர் தானாகத் திருத்த முடியாது.

இன்னொன்று: இலவசமாகப் பார்க்கிற பிரதி உங்கள் தகவலுக்கு மட்டும். வங்கிக்கோ வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ கொடுக்க வேண்டுமானால் கணக்கில் உள்நுழைந்து விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, கையொப்பமிட்ட மின் சான்றாக இறக்கிக்கொள்ளுங்கள். பதிவுகள் இருந்தால் படிவம் 15, இல்லையென்றால் படிவம் 16. உங்களுக்கு வந்தது 16. அதன் பொருள் "நீங்கள் கொடுத்த எண்ணுக்கு, கொடுத்த காலத்துக்கு ஒன்றும் இல்லை" என்பதுதான். நிலத்தின் மேல் ஒன்றுமே இல்லை என்று அது சொல்லவில்லை.

---

சங்கிலி_குறுக்குக்கட்டை பதில்:

அளவுக் கணக்கு நான் சொல்கிறேன். 0 - 41.50 என்பது 0 ஹெக்டேர் 41.50 ஏர்ஸ். 1 ஏர் = 100 சதுர மீட்டர் = 2.47 சென்ட். ஆக 41.50 ஏர்ஸ் கிட்டத்தட்ட 102.5 சென்ட், அதாவது ஓர் ஏக்கருக்கு இரண்டரை சென்ட் கூட. உங்கள் 18 சென்ட் 7.28 ஏர்ஸ்.

பட்டா வரும்போது 7.28 என்றே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். கிராமக் கணக்கில் பரப்பு பெரும்பாலும் .00 அல்லது .50-ல் முடியும்படி முழுமையாக்கப்பட்டிருக்கும். 7.50 என்று வந்தால் 18.5 சென்ட், 7.00 என்று வந்தால் 17.3 சென்ட். இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துப் பக்கத்து வயல்காரருடன் மல்லுக்கு நிற்கவேண்டாம். வரப்பு எங்கே என்பதைப் புலப்பட (புல எண்ணின் அளவு வரைபடம்) அளவுதான் தீர்மானிக்கும்.

அதைவிட முக்கியம், உங்கள் 18 சென்ட் 3பி2-வில்தான் இருக்கிறது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? விற்றவர் பெயர் அதில் இருப்பதால் மட்டும் என்றால் போதாது. அவர் பெயர் 3ஏ-விலும் இருக்கலாம். மூன்று உட்பிரிவுக்கும் தனித்தனியாகப் பாருங்கள்.

நீங்கள் பட்டா பார்த்த அதே இ-சர்வீசஸ் தளத்தில் அ-பதிவேடு விவரம் என்று ஒன்று இருக்கிறது. மாவட்டம், வட்டம், கிராமம், 112 என்று கொடுத்து ஒவ்வோர் உட்பிரிவாக எடுங்கள். பழைய புல உட்பிரிவு எண், ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலம்) அரசா, நன்செய்யா புன்செய்யா, பரப்பு, தீர்வை, பட்டா எண் எல்லாம் ஒரே வரிசையில் வரும். 3ஏ, 3பி1, 3பி2 மூன்றின் பரப்பையும் கூட்டுங்கள். பத்திரத்திலோ மூலப் பத்திரத்திலோ 112/3-ன் மொத்தப் பரப்பு எழுதியிருந்தால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பத்திரத்தில் இருப்பது யூடிஆருக்கு முந்தைய எண்ணாக இருக்கலாம். 1979-லிருந்து 1987 வரை நடந்த அந்த நில உடைமை மேம்பாட்டுப் பணியில் ஏக்கர் சென்ட் ஹெக்டேர் ஆனது, உட்பிரிவுகளும் பட்டா எண்களும் மாறின. 1994 பத்திரம்கூட மூலப் பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதப்பட்டிருந்தால் பழைய எண்ணே வந்திருக்கும். இது நிறைய நடந்திருக்கிறது.

அதே தளத்தில் 112-க்குப் புலப்படத்தை இறக்கி, பத்திரத்தின் நான்கெல்லையை அதன்மேல் வைத்துப் பாருங்கள். "வாய்க்காலுக்குத் தெற்கு, இன்னார் நிலத்துக்கு மேற்கு" என்று இருக்கும். இன்னார் செத்துப்போயிருப்பார், வாய்க்கால் இருக்கும். வாய்க்கால், பாதை, வண்டிப்பாட்டை போன்ற அசையாத எல்லையிலிருந்து தொடங்குங்கள். பக்கத்துப் புல எண்களின் பட்டாவையும் எடுத்தால் அந்த இன்னாரின் வாரிசுகள் பெயர் அகப்படும்.

---

தாலுகாவாசல் பதில்:

பட்டா மாறுதல் பற்றி.

இறந்துபோன அப்பா பெயருக்கு முதலில் மாற்றிப் பிறகு உங்களுக்கு மாற்ற வேண்டியதில்லை. கிரயப் பத்திரம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று மூன்றையும் வைத்து நேராக வாரிசுகள் பெயருக்கே கேட்கலாம். வாரிசுச் சான்று இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அதற்கு முதலில் ஆதார் கொண்டு குடிமக்கள் கணக்கு எண் ஒன்று பதிந்துகொள்ள வேண்டும். இ-சேவை மையத்தில் போட்டாலும் அந்த எண் கேட்பார்கள், சேவைக் கட்டணம் 60 ரூபாய். இறப்புச் சான்றில் அப்பா பெயரும் பத்திரத்தில் அப்பா பெயரும் தலைப்பெழுத்து உட்பட ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையிலேயே நிற்கும்.

அம்மா பெயருக்கு மட்டும் நேரடியாக வராது. வாரிசுச் சான்றில் மூவர் இருந்தால் மூவருக்கும் உரிமை, மூவர் பெயரிலும்தான் பட்டா. அம்மாவுக்கு மட்டும் வேண்டுமென்றால் நீங்களும் தங்கையும் உங்கள் பாகத்தை அம்மாவுக்கு விடுதலை ஆவணமாகப் பதிந்து கொடுக்க வேண்டும். வெள்ளைத்தாளில் "சம்மதம்" எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் செல்லாது. குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. இந்த வரம்புகள் 2023 ஜூலையில் உயர்த்தப்பட்டவை. 18 சென்ட் நன்செய்க்கு வரம்பைத் தொடவே தொடாது. வழிகாட்டி மதிப்பை டிஎன்ரெஜிநெட்டிலேயே பார்த்துக் கணக்குப் போடலாம்.

விண்ணப்பம் தமிழ்நிலம் தளத்தின் குடிமக்கள் பக்கத்தில். கைப்பேசி எண்ணில் கணக்குத் தொடங்கி உள்ளே போனால் "உட்பிரிவுடன்", "உட்பிரிவின்றி" என்று இரண்டு வகை கேட்கும். உங்களுடையது உட்பிரிவுடன், 41.50-லிருந்து 18 சென்டைப் பிரிக்க வேண்டும் அல்லவா. "உட்பிரிவின்றி" என்று போட்டால், 102 சென்ட் கூட்டுப் பட்டாவில் ஐந்தாவது, ஆறாவது பெயராக உங்களைச் சேர்த்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள். கூட்டுப் பட்டாவில் யாருக்கு எவ்வளவு என்று இருக்காது. பிறகு விற்கவோ கடன் வாங்கவோ போகும்போது அல்லாட வேண்டியதுதான்.

உட்பிரிவு விண்ணப்பம் நில அளவருக்குப் போகும். அவர் நாள் குறித்துத் தகவல் அனுப்புவார். அன்றைக்கு யாராவது ஒருவர் அசல் பத்திரத்துடன் வயலில் நிற்க வேண்டும். இதை வெளியூரிலிருந்து செய்யமுடியாது. ஆள் வராததால் திரும்பிப்போன விண்ணப்பங்கள்தான் அதிகம். அளந்து, வரைபடம் போட்டு, வட்டாட்சியர் ஒப்புதல் வந்தபிறகு புது உட்பிரிவு எண்ணுடன் பட்டா இணையத்தில் ஏறும்.

இடையூறு எங்கே வரும் என்றால், அந்த மற்ற மூவரிடம். விற்றவர் கூட்டுப் பட்டாதாரர், பங்கு பிரிக்காமல் தன் அனுபவத்தில் இருந்த 18 சென்டை விற்றிருக்கலாம். மூவரில் ஒருவர் "இது என் பக்கம்" என்று ஆட்சேபம் கொடுத்தால், வட்டாட்சியர் உரிமையை முடிவு செய்யமாட்டார், நிராகரித்து உரிமையியல் நீதிமன்றம் போகச் சொல்வார். வருவாய்த்துறைக்குள் மேல்முறையீடு வருவாய்க் கோட்டாட்சியரிடம், அதன்பின் சீராய்வு மாவட்ட வருவாய் அலுவலரிடம். விண்ணப்பிக்கும் முன்பே அந்த மூன்று குடும்பத்தையும் பார்த்துப் பேசிவிடுவது எல்லாத் தளங்களையும்விட வேகமான வழி.

---

வரப்போரம்:

நன்றி சார். 112/3 போட்டதும் பத்திரம் வந்துவிட்டது, அதே அலுவலகம்தான். ஆனால் அதே எண்ணில் 2003-ல் நால்வரில் இன்னொருவர் ஒரு வங்கிக்கு ஈடு வைத்ததாக ஒரு வரியும் வருகிறது. எங்கள் நிலத்தையும் பாதிக்குமா? புலப்படத்தில் 3பி1, 3பி2 பிரிந்தே தெரியவில்லை, முழுதும் 3 என்றே இருக்கிறது. இது ஏன்?

---

மூலப்பத்திரம்:

ஈட்டு வரியின் கீழே சொத்து விவரத்தையும் நான்கெல்லையையும் படியுங்கள். பரப்பும் எல்லையும் வேறாக இருந்தால் எண் மட்டும்தான் பொது, உங்களைத் தொடாது. உங்கள் பத்திரம் 1994, ஈடு 2003, விற்றவருக்கு இருந்த உரிமை அப்போதே உங்களுக்கு வந்துவிட்டது, அதைப் பிறகு இன்னொருவர் ஈடு வைக்க முடியாது. ஆனால் எல்லை விவரம் உங்கள் 18 சென்டையும் சேர்த்துக்கொண்டு போனால் வக்கீலிடம் காட்டிவிட்டுத்தான் பட்டாவுக்குப் போகவேண்டும். ஈட்டு வரிக்குப் பின்னால் அதே ஆவண எண்ணைக் குறிப்பிட்டு "ரசீது" என்று ஒரு பதிவு வந்திருக்கிறதா பாருங்கள். முன் ஆவண எண் பகுதியில் 2003 எண் இருக்கும். ரசீது இருந்தால் கடன் தீர்ந்தது. கடன் கட்டிமுடித்தும் ரசீது பதியாமல் விட்டவர்களும் உண்டு என்பதால், இல்லை என்றதும் பாக்கி இருக்கிறது என்று முடிவு கட்டவேண்டாம்.

---

சங்கிலி_குறுக்குக்கட்டை:

உட்பிரிவு பதிவேட்டில் ஏறியிருக்கிறது, வரைபடத்தில் ஏறவில்லை. கையால் வரைந்த உட்பிரிவு வரைபடம் வட்ட அலுவலக நில அளவைப் பிரிவில் கோப்பாகக் கிடக்கும், கணினிப் புலப்படத்தில் சேர்த்திருக்க மாட்டார்கள். உங்கள் விண்ணப்பத்தை நில அளவர் எடுக்கும்போது 3பி2-வின் எல்லையே கணினியில் இல்லாமல் அதற்குள் புதிதாகப் பிரிக்கமுடியாது. அதனால் தமிழ்நிலத்தில் போடும் முன்பே, 3ஏ, 3பி1, 3பி2 உட்பிரிவைப் புலப்படத்தில் சேர்க்கச் சொல்லி வட்டாட்சியருக்கு ஒரு தனி மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மனுவில் மூன்று உட்பிரிவின் அ-பதிவேட்டு நகலையும் இப்போதைய புலப்பட நகலையும் இணையுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குறை என்ன என்று விளக்கிச் சொல்லவே வேண்டாம்.