ஞாயிற்றுக்கிழமைக்குள் நிறுத்திவிட முடியுமா?

அத்தை: பெரியண்ணன் பிறந்தநாளுக்கு வருகிறேன். ஆனால் அந்த நாய்க்குட்டியைக் கட்டிப்போட வேண்டும். போன தடவை பேரனின் கணுக்காலைக் கவ்வியது. குழந்தை இன்னும் அழுகிறான்.

மதன்: அம்மா, அவன் ஊசிக்குத்தான் அழுதான்.

அத்தை: நீ பேசாதே.

அண்ணி: அது கோபத்தில் கடிக்கவில்லை அத்தை, விளையாட்டுக்குக் கவ்வுகிறது. பத்து வாரக் குட்டிதானே.

பெரியப்பா: என் வேட்டி நுனியைக் கிழித்ததும் விளையாட்டுதானா?

சித்தி: மதன், பல் பதிந்த இடத்தைக் கழுவினீர்களா?

மதன்: சோப்புப் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிடம் கழுவினோம் அத்தை. தோல் கீறியிருந்ததால் டாக்டரிடம் காட்டி ஊசியும் ஆரம்பித்தாகிவிட்டது.

சித்தி: நல்லது. குட்டிதானே என்று விட்டுவிடக் கூடாது.

பெரியப்பா: தொப்புளைச் சுற்றியா?

மதன்: அந்தக் காலம் போய்விட்டது மாமா. இப்போது கையில்தான்.

அண்ணி: குட்டிக்கு 12 வாரம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போடவிருக்கிறோம்.

சித்தப்பா: எல்லோரும் பொறுமையாகப் படியுங்கள்.

பெரியப்பா: ஆரம்பித்துவிட்டான்.

சித்தப்பா: குட்டிக்கு இப்போது இருப்பவை பால் பற்கள், மொத்தம் 28. நான்கு மாதம் வாக்கில் விழத் தொடங்கும். ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். எதையும் வாயில் வைத்துத்தான் அது தெரிந்துகொள்ளும். கூடப் பிறந்த குட்டியை அழுத்திக் கடித்தால், கடிபட்டது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்று அப்படித்தான் படிக்கிறது. எட்டு வாரத்துக்கு முன்பே தாயிடமிருந்து பிரித்தால் அந்தப் படிப்பு பாதியில் நின்றுவிடும்.

அண்ணி: எட்டு வாரம் முடிந்த பிறகுதான் கொண்டுவந்தோம் சின்ன மாமா.

அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அண்ணி: படித்துவிட்டேன் அத்தை.

சித்தி: ஞாயிற்றுக்கிழமைக்கு நாற்காலி யார் கொண்டுவருகிறீர்கள்?

அண்ணன்: கடித்தால் மூக்கில் லேசாகத் தட்டுகிறேன் சித்தப்பா. சரிதானே?

சித்தப்பா: தவறு! கை வந்தாலே அடி என்று பயந்துபோய் நிஜமாகவே கடிக்கும். இல்லாவிட்டால் அதையும் விளையாட்டு என்று நினைத்து இன்னும் பாயும். வாயைப் பிடித்து மூடுவதும் வேண்டாம். பல் பட்ட நொடியில் அசையாமல் நில். கையை வெடுக்கென்று இழுத்தால் துரத்தத்தான் செய்யும். பேசாமல், அதைப் பார்க்காமல் எழுந்து கதவுக்கு அந்தப் பக்கம் போய் அரை நிமிடம் நில். திரும்பி வந்து பொம்மையை நீட்டு. பொம்மையைக் கவ்வினால் கொஞ்சு. முக்கியமான விஷயம், வீட்டில் அத்தனை பேரும் இதையே செய்ய வேண்டும். ஒருவர் நிறுத்தும்போது இன்னொருவர் வாய்க்குள் கையைக் கொடுத்து விளையாடினால் எல்லாம் வீண்.

அண்ணி: அந்த இன்னொருவர் யார் என்று சொல்லட்டுமா?

அண்ணன்: வேண்டாம்.

நான்: வலித்த மாதிரி கத்தச் சொல்வார்களே?

சித்தப்பா: சில குட்டிகள் அடங்கும், சிலவற்றுக்கு அதுவே உற்சாகம்.

அண்ணி: நம்முடையது இரண்டாவது ரகம். நான் கத்தினால் வாலை ஆட்டிக்கொண்டு மறு காலுக்கு வருகிறது. சாயங்காலமானால் பிடிக்கவே முடியவில்லை.

சித்தப்பா: தூக்கம் போதவில்லை. ஒரு நாளைக்கு 18 மணி நேரமாவது தூங்க வேண்டும். கண் சொருகும் நேரத்தில் சீண்டினால் கடிக்கத்தான் செய்யும்.

பெரியப்பா: நானும் அப்படித்தான்.

பெரியப்பா: அப்பா வளர்த்த ராஜாவுக்கு யார் பாடம் எடுத்தார்கள்? தபால்காரரைத் தவிர யாரையும் தொட்டதில்லை.

அத்தை: என்னைக் கடித்தது.

பெரியப்பா: நீ அதன் தட்டை எடுத்தாய்.

அத்தை: தட்டை எடுத்தது நீ. அடி வாங்கியது நான். அப்பா கடைசிவரை நீ சொன்னதைத்தான் நம்பினார்.

சித்தப்பா: அக்கா, நாம் குட்டியைப் பற்றி...

அத்தை: நீ அப்போது தொட்டிலில் இருந்தாய்.

நான்: ராஜாவின் புகைப்படம் யாரிடமாவது இருக்கிறதா?

சித்தி: நாற்காலி?

அண்ணன்: அத்தை, நாள் முழுக்கக் கட்டிப்போட்டால் குரைத்தே வீட்டை இரண்டாக்கிவிடும். குழந்தைகள் இருக்கும்வரை உள்ளறையில், தடுப்புக்குப் பின்னால் விடுகிறோம். பெரியவர் ஒருவர் கூடவே இருப்பார்.

அத்தை: தடுப்பு எவ்வளவு உயரம்?

அண்ணன்: என் இடுப்பு வரை.

அத்தை: உன் இடுப்பா, உன் பெண்டாட்டி இடுப்பா?

மதன்: அம்மா!

சித்தப்பா: குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடக் கூடாது. குட்டி பக்கத்தில் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நிற்கப் பழக்குங்கள்.

மதன்: அவன் சாப்பிடும்போதே நிற்பதில்லை மாமா.

அத்தை: ஞாயிற்றுக்கிழமைக்குள் கடிப்பதை நிறுத்திவிடுமா, அதைச் சொல்.

சித்தப்பா: நிறுத்தாது. வாரக்கணக்கில் ஆகும். பல் மாறும்போது மறுபடி கூடவும் செய்யும்.

அத்தை: அப்படியென்றால் சனிக்கிழமை சொல்கிறேன்.

பெரியப்பா: பிறந்தநாள் எனக்கு. எங்கே வைப்பது என்று யாராவது என்னைக் கேட்டீர்களா?

சித்தப்பா: இன்னொன்று. ஈறு உறுத்தும்போது ஈரத்துணியை முறுக்கி, உறையவைத்து மெல்லுவதற்குக் கொடுக்கலாம். ஆனால் துணியைப் பிய்த்து விழுங்கிவிடாமல்

சித்தி: அவருடைய கைபேசியை வாங்கி வைத்துவிட்டேன். நாற்காலிக்குப் பதில் சொல்லுங்கள்.