சாமி பேர் ஏன் இங்கிலீஷில் வந்தது? காணாமல் போன ஃபான்ட்டைத் தேடிய கதைகள்

தருமபுரி நான்கு ரோடு பக்கம், டிடிபி சென்டர்

ஆடி பிறப்பதற்கு முன்பே எங்கள் கடையில் திருவிழா நோட்டீஸ் வேலை குவிந்துவிடும். போன வருஷம் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பென்டிரைவோடு வந்தார். பழைய நோட்டீஸ்தான், தேதியையும் உபயதாரர் பெயர்களையும் மாற்றினால் போதும் என்றார். பத்து நிமிஷ வேலை என்று திறந்தேன். பக்கம் முழுக்க இங்கிலீஷ் எழுத்து. பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, நம்ம ஆத்தா பேரு இங்கிலீஷ்ல வந்திருக்கு?" என்றார்.

அந்த நேரம் பார்த்து எனக்கு போன். வெளியே போய்ப் பேசிவிட்டு வருவதற்குள் கடைப் பையன் கன்ட்ரோல் ஏ போட்டு எல்லாவற்றையும் லதா ஃபான்ட்டுக்கு மாற்றி, பென்டிரைவிலேயே சேவும் செய்து வேர்டை மூடிவிட்டான். தமிழ் ஃபான்ட் வைத்தால் தமிழ் வரும் என்று நினைத்திருக்கிறான். தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடு முறையின் காலத்துப் பையன், வேறென்ன நினைப்பான்? லதா யூனிகோடு ஃபான்ட். அந்த ஃபைலுக்குள் இருந்ததோ வெறும் இங்கிலீஷ் எழுத்துகள். பழைய ஃபான்ட்தான் அவற்றுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. கணினியில் ஃபான்ட் இல்லாவிட்டாலும் அதன் பெயர் மேலே ஃபான்ட் பெட்டியில் நின்றிருக்கும். நமக்கு இருந்த ஒரே துப்பு அதுதான், அதையும் துடைத்தாயிற்று.

அப்புறம் எழுத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. முதல் வரி: சின்ன எம், பெரிய யூ, எஸ், அரைப்புள்ளி, கே, பி, பெரிய எஃப். தமிழ் டைப்ரைட்டிங் படித்த கைக்கு இது 'அருள்மிகு'. மெய்யெழுத்து வரும் இடத்திலெல்லாம் அரைப்புள்ளி நின்றால் பாமினி என்ற பழைய ஃபான்ட் வகை. பாமினியை ஏற்றினேன், அம்மன் திரும்பி வந்தாள். தலைப்பு மட்டும் பாதி சரி, பாதி கோணல். அது வானவில் என்ற இன்னொரு பழைய ஃபான்ட். இரண்டும் டைப்ரைட்டர் வழி வந்தவை என்பதால் 'த'வுக்கு ஜே, துணைக்காலுக்கு எச் என்று நிறைய ஒத்துப்போகும். ஆனால் வானவில்லில் 'மி' என்றால் தலையில் இரண்டு புள்ளி வைத்த சின்ன ஏ. எந்த வரி எந்த ஃபான்ட் என்ற எல்லையும் அந்த கன்ட்ரோல் ஏ-யில் போய்விட்டதால் வரி வரியாகப் பிரித்தேன். பத்து நிமிஷ வேலை சாயங்காலம் வரை இழுத்தது.

ஓசூர், அச்சகம்

உங்களுக்காவது ஒரு மொழி. எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகையில் தமிழும் தெலுங்கும் சேர்ந்தே வரும், தளி பக்கம் போனால் கன்னடமும். ஒரு ஃபைலில் குழப்ப எழுத்தைப் பார்த்து, தமிழ்தான் என்று முடிவு கட்டி ஒரு ஃபான்ட்டை ஏற்றினேன். தமிழ் எழுத்துகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. படித்துப் பார்த்தால் எந்த மொழியும் இல்லை. அது தெலுங்குக்கான அனு ஃபான்ட்டில் அடித்த பகுதி.

அன்றிலிருந்து முதலில் பட்டியலைத்தான் பார்க்கிறேன். வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போய்க் கீழே இறங்கினால் 'ஃபான்ட் சப்ஸ்டிட்யூஷன்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. இல்லாத ஃபான்ட் எது, அதற்குப் பதில் வேர்டு எதைப் போட்டிருக்கிறது என்று ஜோடி ஜோடியாகக் காட்டும். எல்லாம் இருந்தால் பட்டியல் திறக்காது, தேவையில்லை என்று சொல்லிவிடும். அதே இடத்தில் 'கன்வெர்ட் பெர்மனன்ட்லி' என்று இன்னொரு பொத்தான் இருக்கும். தயவுசெய்து தொடாதீர்கள். பேரைப் பார்த்தால் பழைய தமிழை யூனிகோடாக மாற்றித் தரும் போலத் தோன்றும். உங்கள் கடைப் பையன் செய்ததைத்தான் அதுவும் செய்யும்.

வேர்டு இல்லாத கணினியில், ஃபைலை ஒரு நகல் எடுத்து, 'டாக்எக்ஸ்' என்ற வாலை 'ஜிப்' என்று மாற்றித் திறப்பேன். உள்ளே வேர்டு ஃபோல்டரில் 'ஃபான்ட்டேபிள்' என்று ஒரு ஃபைல். நோட்பேடில் திறந்தால் ஃபான்ட் பெயர்கள் எழுதியே இருக்கும். பழைய 'டாக்' ஃபைலுக்கு இது நடக்காது.

கிருஷ்ணகிரி, பத்திர எழுத்தரிடம் வேலை

எழுத்து குழம்பினால் உடனே தெரிந்துவிடும், அது ஒரு வகையில் நல்லது. எனக்கு வந்த சிக்கலில் எதுவுமே தெரியவில்லை. கிரயப் பத்திரம், யூனிகோடில் மருதம் ஃபான்ட்டில் அடித்தது, மூன்று பக்கம். பிரிண்ட் எடுக்கப் போன கணினியில் மருதம் இல்லை. வேர்டு சத்தமில்லாமல் வேறு தமிழ் ஃபான்ட்டைப் போட்டுக்கொண்டது. ஒரு எழுத்தும் மாறவில்லை, தமிழ் அழகாகவே இருந்தது. அகலம் மட்டும் கூடிவிட்டதால் வரிகள் வழிந்து, சாட்சி கையெழுத்து இடம் தனியாக நான்காம் பக்கத்துக்குப் போய்விட்டது. முத்திரைத்தாளில் அடித்து முடித்த பிறகுதான் பார்த்தேன். வாங்கிய வசையை இங்கே எழுத முடியாது. இப்போது பிரிண்ட் கொடுக்கும் முன் பக்க எண்ணிக்கையைப் பார்க்கிறேன். வெளியே கொடுப்பதென்றால் பிடிஎஃப்தான்.

அரூர், பள்ளி ஆசிரியர்

ஒரு சந்தேகம். பட்டியலில் இல்லாத ஃபான்ட் பெயர் தெரிகிறது. நாற்பது பக்க வினாத்தாள் தொகுப்பில் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

ஓசூர், அச்சகம்

கன்ட்ரோல் எச் அழுத்தி, ஃபைண்ட் பக்கம் போய், 'மோர்' திறந்து, ஃபார்மேட்டில் ஃபான்ட் என்று கொடுங்கள் சார். சொல் எதுவும் அடிக்க வேண்டாம், ஃபான்ட் பெயரை மட்டும் அடித்துத் தேடினால் ஒவ்வொரு இடமாக நிற்கும். சில சமயம் ஒரு வெற்று வரியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும், அதை விட்டுவிடலாம். அடுத்த முறை நீங்களே அனுப்பும்போது ஆப்ஷன்ஸில் சேவ் பகுதியில் 'எம்பெட் ஃபான்ட்ஸ்' டிக் செய்துவிடுங்கள். ஃபான்ட்டின் உரிமம் அனுமதித்தால் ஃபைலோடு சேர்ந்தே போகும்.

தருமபுரி, டிடிபி சென்டர்

நான் எம்பெட் செய்ததோடு, ஃபைல் பெயரிலேயே ஃபான்ட் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். 'ஆடித் திருவிழா பாமினி' என்று வைத்திருந்தேன். இந்த வருஷம் அதே பெரியவர் வந்து, ஸ்கிரீனைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பாமினி யாரு தம்பி? உபயதாரர் லிஸ்ட்ல அந்தப் பொண்ணு பேரைக் காணோமே."